முதலும் வருவாயும்

(ஆற்றல் ஊற்றுகள் பற்றிய உரை)



பொருளுக்கு இடப்படும் பெயர் பிழையாயின், அப்பொருளைப் பற்றிய எண்ணமும் பிழையாகும். எண்ணம் பிழையாயின் செயலும் பிழையாகும். இதற்கு மிகப் பெரியதொரு சான்று, ஆற்றல் ஊற்றுகளைப் பற்றிய பேச்சில் கிடக்கின்றது. பள்ளிப் பாடநூல் முதல் அரசின் ஆணை வரை அவ்வூற்றுகள் இரு கூறாக்கப்பட்டுள்ளன. நிலக்கரி, கன்னெய், எரிவளி, பேரணைப் புனல், அணு ஆகியவை 'மரபு சார்ந்தவை'யாம். கதிரவன், காற்று, சாணவளி, கடலலை ஆகியவை 'மரபு சாராதவை'யாம்.

இப்பெயர்கள் தமிழ்மண்ணில் முளைத்தவை அல்ல. 1973-ஆம் ஆண்டில் மேற்காசியப் போரை ஒட்டிக் கன்னெய் விலை சில திங்களுக்குள் ஏறத்தாழ நான்கு மடங்காக ஏறியது. அதுவரை மலிவான கன்னெய்யில் மிதந்திருந்த நாடுகள் திடுக்கிட்டு வேறு ஊற்றுகளைத் தேடலாயின. இந்திய நடுவணரசும் 1981-இல் கூடுதல் ஆற்றல் ஊற்றுகளுக்கென ஓர் ஆணையத்தை அமைத்தது. 1982-இல் மரபுசாரா ஆற்றலுக்கென ஒரு துறையைத் தோற்றுவித்தது; 1992-இல் அத்துறை தனி அமைச்சகமாயிற்று. அதன் ஆங்கிலப் பெயரே 'மரபுசாரா எரிசக்தி' எனப் பெயர்க்கப்பட்டுச் செய்தித்தாளிலும் பெயர்ப்பலகையிலும் ஏறி அமர்ந்தது.

அத்தொடரைச் சற்றே பிரித்துக் காண்க. காற்று எரிவதில்லை, அருவி எரிவதில்லை, ஆகவே 'எரி' என்னும் முன்சொல் பொருந்தாது. 'சக்தி' வடசொல். அவ்விடத்தில் நிற்க உரிய தென்சொல் 'ஆற்றல்' என்பதே. ஆற்றுதலாவது செய்தல், செய்தற்குரிய திறமே ஆற்றல். வேலை செய்யும் திறன் என்றே இயற்பியலும் அதற்கு இலக்கணம் கூறும். இத்துணைப் பொருத்தமான சொல் கையிருக்கக் கடன்சொல் எதற்கு?

ஆயினும் பெரும்பிழை இவ்விரு சொற்களில் இல்லை. 'மரபு' என்னும் நல்ல தமிழ்ச் சொல்லை இடம் மாற்றி வைத்ததிலேதான் உள்ளது.

எது மரபு?

மரபு என்பது பல தலைமுறையாக வழிவழி வந்த நடைமுறை. நெல்லைக் களத்தில் பரப்பிக் காயவைத்தது எந்த ஆற்றல்? ஞாயிற்றின் ஆற்றல். நெய்தல் நிலத்து மீனை உணக்கியதும் அதுவே. தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் கடல்நீரைப் பாத்தியில் தேக்கி உப்பாக்குவதும் அதுவே. ஓர் உப்பளத்தில் நாள்தோறும் ஆவியாகும் நீரை விறகு மூட்டி ஆவியாக்க வேண்டுமாயின் காடுகள் பல அழியும். அப்பெருவெப்பத்தை விலையின்றிப் பெற்று, ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக உப்பு விளைவித்த மக்கள் தமிழர். ஞாயிற்றாற்றலைப் பயன்கொள்ளும் தொழில்களில் இதனினும் பழையது அரிது.

காற்றும் அங்ஙனமே. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்டது தமிழ். பயன்கொள்ளாத பொருளுக்கு இத்துணை நுட்பமாகப் பெயரிடுவார் இல்லை. கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றைப் பணிகொண்டு பெருங்கடலில் கலம் செலுத்திய செய்தியை, புறநானூற்றின் 66-ஆம் பாட்டில் வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர் பதிவுசெய்துள்ளார்.

மறுபுறம் நோக்குக. சேம்சு வாட்டு தம் மேம்பட்ட நீராவிப் பொறிக்கு உரிமம் பெற்றது 1769-இல். நிலக்கரியை எரித்து மின்னாக்கி ஊருக்கு விற்கும் நிலையங்கள் இலண்டனிலும் நியூயார்க்கிலும் எழுந்தது 1882-இல். அப்பொறிக்கு இரண்டரை நூற்றாண்டே அகவை. அனல்மின்னுக்கு அதில் பாதியைச் சற்றே மிஞ்சிய அகவை. நேற்று வந்தது மரபாகவும், நெடுங்காலம் இருந்தது மரபல்லாததாகவும் ஆனது எவ்வாறு? பெயரிட்டவரின் நாட்டில் நிலக்கரியே ஆண்டது. ஆகலின் அவர்க்கு அது மரபாயிற்று. பிறர் மரபைத் தன் மரபென்று பெயர்த்துக்கொண்டதே தமிழகத்தின் பிழை.

2006-இல் அவ்வமைச்சகமே பழம்பெயரைக் கைவிட்டுப் 'புதிய, புதுப்பிக்கத்தக்க ஆற்றல்' என்னும் பெயரை ஏற்றுக்கொண்டது. பெயரிட்டவரே இறக்கிவைத்த சுமையைப் பெயர்த்தவர் இன்னும் தலையில் வைத்திருக்கின்றனர்.

உண்மையான பாகுபாடு

அப்படியாயின் ஆற்றல் ஊற்றுகளை எங்ஙனம் பகுப்பது? உழவர் வீட்டுக் கணக்கே வழி காட்டும். ஒரு குடும்பத்துக்கு முதல் என ஒன்று உண்டு. வருவாய் என ஒன்று உண்டு. முதலை எடுத்துச் செலவழித்தால் அது குறையும். வருவாயைச் செலவழித்தால் அடுத்த ஆண்டும் அது வரும். வரும் வழி சிறிதாயினும், செல்லும் வழி அதனினும் பெருகாதவரை அக்குடிக்குக் கேடில்லை என்பது வள்ளுவர் வகுத்த பொருளியல்.

நிலக்கரி முதல். ஏறத்தாழ முப்பது கோடி ஆண்டுகட்கு முன்னர் வாழ்ந்த காடுகள் சேற்றில் புதைந்து, அழுந்தி, வெந்து கரியாயின. கன்னெய்யும் எரிவளியும் அவ்வாறே பண்டைக் கடலுயிர்கள் விட்டுச் சென்ற வைப்பு. யுரேனியமும் மண்ணில் அளவோடு கிடக்கும் மாழை. இவற்றில் எடுத்தது எடுத்ததே. மீண்டும் வைப்பார் இல்லை.

கதிரொளி, காற்று, ஆற்றுநீர், பயிர், சாணம் ஆகியவை வருவாய். இவை யாவும் அன்றன்று ஞாயிறு அளக்கும் படியிலிருந்து பிறப்பவை. ஞாயிறு நிலத்தைச் சூடாக்கக் காற்று எழுகின்றது. கடலைச் சூடாக்க முகில் எழுகின்றது. இலையைத் தொட உணவு விளைகின்றது.

இப்பகுப்பில் ஒரு நுட்பம் உண்டு. பேரணைப் புனல் மரபு சார்ந்த பட்டியலில் இருப்பினும், அது முதலன்று, வருவாய். பழைய பகுப்பு மறைத்த இவ்வுண்மையைப் புதிய பகுப்பு வெளிப்படுத்துகின்றது.

நெய்வேலி சொல்லும் செய்தி

முதலைச் செலவழிப்பது எத்தகையது என்பதை நெய்வேலியில் காணலாம். 1930-களின் நடுவில் சம்புலிங்க முதலியார் என்பார் தம் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு இறக்கியபோது, நீரோடு கருநிறப் பொருளும் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-இல் அங்கு நிறுவனம் பதிவாயிற்று. 1957-இல் சுரங்கம் தொடங்கப்பெற்றது. அன்றைய சோவியத்து நாட்டின் துணையோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-இல் மின்விசை தந்தது. கரிப்படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருந்தது. அதனை ஓயாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிக் கரியைத் தொட இயலாது. செருமானியப் பெரும்பொறிகள் மேல்மண்ணை அகழ்ந்து குன்றுகளாகக் குவித்தன.

அந்நிலையம் தமிழகத்துக்குச் செய்த நன்மையை மறுப்பது நன்றி கொல்வதாகும். கல்கரியே இல்லாத மாநிலத்தில் அது தொழில் வளர்த்தது, ஊர்தோறும் விளக்கேற்றியது. ஆயினும் 600 மெகாவாட்டு ஆற்றல் கொண்ட அந்த முதல் நிலையம் 2020-இல் ஓய்ந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டு, ஒரு மனிதனின் வாழ்நாளினும் குறைவு. அதற்காக வீடும் வயலும் விட்டுச் சென்ற சிற்றூரார்க்கு அந்நிலம் பழைய நிலமாகத் திரும்புமா?

இவ்வினா காவிரிப் படுகையிலும் எழுந்தது. அங்கும் நெல்வயலுக்கு அடியில் பழுப்பு நிலக்கரியும் எரிவளியும் உண்டு. உழவர்களின் நெடும்போராட்டத்தின் பின்னர், 2020-இல் தமிழக அரசு அப்படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. 2023-இல் கரி அகழ்வுக்கென அறிவிக்கப்பட்ட மூன்று நிலப்பகுதிகள், தமிழகத்தின் எதிர்ப்பால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மேலே நெல், கீழே கரி. நெல், ஞாயிற்றாற்றல் ஆண்டுதோறும் தரும் வருவாய். கரி, ஒருமுறை எடுத்தால் தீரும் முதல். வருவாய் தரும் வயலை அழித்து முதலை எடுப்பவன் இரண்டையும் இழப்பான்.

கல்கரியின் கணக்கு இதனினும் கடியது. அது ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து தொடர்வண்டியில் துறைமுகம் சென்று, கலமேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்குகின்றது. எரித்த வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்னாகின்றது. எஞ்சியது புகைபோக்கி வழியாகவும் குளிர்நீர் வழியாகவும் வீணாகின்றது. சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிகின்றது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து நூறாயிரம் பங்குக்கு 280 பங்கு இருந்த கரியமிலவளி, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. அதனால் ஞாலம் சூடேறுகின்றது, கடல் உயர்கின்றது.

அணுவாற்றல் புகையாது. கல்பாக்கம் 1984 முதலும் கூடங்குளம் 2013 முதலும் மின்விசை அளிக்கின்றன. காற்றடிக்காத நாளிலும் இரவிலும் அவை ஓடுவது உண்மை. எனினும் அதுவும் முதலே. அதன் எச்சம் பல்லாயிரம் ஆண்டு நஞ்சாய் நிற்கும். 1986-இல் செர்னோபிலும் 2011-இல் புக்குசிமாவும் கண்டது, கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரைக் கரையோர மக்களின் நெஞ்சில் அச்சமாய் இறங்கியதில் வியப்பில்லை.

புனலும் உழைப்பும்

வருவாய் ஊற்றுகளுள் தமிழகத்தில் முதலில் பேரளவில் மின்னானது புனல். 1932-இல் நீலமலையின் பைக்காரா நீர், ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து குழாய் வழி வீழ்ந்து சுழலியை இயக்கியது. 1937-இல் மேட்டூரும் 1944-இல் பாபநாசமும் தொடர்ந்தன. பைக்காரா மின்விசையே கோவையின் ஆலைகளையும் கிணறுகளையும் எழுப்பியது.

அதன் பொருளை ஒரு கணக்கால் உணரலாம். வலிய ஆள் ஒருவர் நாள் முழுதும் உழைத்தால் அவ்வுழைப்பு மின்கணக்கில் ஓர் அலகைக்கூட எட்டாது. ஏறத்தாழ அரை அலகே தேறும். ஐந்து குதிரைத்திறன் நீரேற்றுப் பொறி ஒரு மணி நேரத்தில் நாலு அலகுக்குச் சற்றே குறைவாகச் செய்யும். அஃதாவது ஏழெட்டு ஆள் நாள் முழுதும் வருந்திச் செய்வதை அது ஒரு மணியில் முடிக்கின்றது. கவலை ஏற்றத்தில் விடியுமுன் மாடு பூட்டிய தந்தையின் மகன், பொத்தானை அழுத்தி நீர் பாய்ச்சியபோது அடைந்த விடுதலை சிறிதன்று. ஆகலின் மின்விசையே வேண்டா என்பாரின் பேச்சு உழவர்க்கு ஒவ்வாது. வேண்டுவது மின்விசை வேண்டா என்பதன்று. அது வருவாயிலிருந்து வரவேண்டும் என்பதே.

புனலுக்கும் எல்லை உண்டு. மழை பொய்த்தால் சுழலி நிற்கும். பேரணை கட்டத் தகுந்த இடங்கள் பெரும்பாலும் கட்டப்பட்டுவிட்டன.

காற்றும் கதிரும்

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுமதிலாய் நிற்க, அதன் இடைவெளிகளில் தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டுப் பாய்கின்றது. பாலக்காட்டுக் கணவாய், கம்பம் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் என்னும் நான்கும் இயற்கை அமைத்த காற்று வாயில்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது வெறும் பழமொழியன்று. ஒரு பொறியியற் செய்தி. காற்றின் விரைவு இருமடங்கானால் அதன் ஆற்றல் எண்மடங்காகும். அவ்வாற்றலில் 59 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சுழலியாலும் பற்ற இயலாது என்று செருமானிய அறிஞர் பெட்சு 1920-இல் நிறுவினார். அவ்வெல்லைக்கு உட்பட்டே எல்லாக் காற்றாலைகளும் இயங்குகின்றன.

1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சிறுசிறு காற்றாலைகள் ஆய்வுக்கென நடப்பட்டன. பின்னர் முப்பந்தலில் அவை காடென வளர்ந்தன. இன்று தமிழகக் காற்றாலைகளின் நிறுவுதிறன் பத்தாயிரம் மெகாவாட்டைக் கடந்துள்ளது. கரியும் கன்னெய்யும் வெளியிலிருந்து வரவேண்டியிருக்கும் நாட்டுக்கு இது சொந்த நிலத்து விளைச்சல்.

ஞாயிறும் அங்ஙனமே. உச்சிப்பொழுதில் ஒரு சதுர மீட்டர் தரையில் ஏறத்தாழ ஒரு கிலோவாட்டு வெயில் விழுகின்றது. இன்றைய சிலிக்கன் தகடுகள் அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்னாக்குகின்றன. நூறு சதுர அடி கூரையில் ஒரு கிலோவாட்டுத் தகடு அமைத்தால், நல்ல வெயில் நாளில் நான்கு அலகு கிடைக்கும். சிறு குடும்பத்துக்கு அது போதும். 2016-இல் முகவை மாவட்டத்துக் கமுதியில் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் 648 மெகாவாட்டு நிலையம் எழுந்தது. வானம் பார்த்த அப்பூழிநிலத்தில், பயிரைக் கருக்கிய வெயிலே விளைபொருளாயிற்று.

இங்கும் எச்சரிக்கை தேவை. வருவாய் ஊற்று என்பதாலேயே அதன் பயன் ஊரார்க்கு வந்துவிடாது. காற்று ஊர்ப் பொதுப்பொருள். கோபுரம் தனியார் உடைமை. மேய்ச்சல் நிலத்தில் தகடுகள் பரவினால் ஆட்டுக்கு வழி எங்கே? பெருநிலம் வளைப்பதற்கு முன் கூரைகளை நிரப்புவதே முறை. கூரையில் விளைவது வீட்டாரின் வருவாய். வளைத்த நிலத்தில் விளைவது யாருடைய வருவாய் என்பது கேட்டுத் தெளியவேண்டிய ஒன்று.

சாணமும் விறகும்

தொழுவத்துச் சாணத்தை எருமுட்டையாக்கி எரித்தால் நெருப்பு கிடைக்கும், உரம் போய்விடும். அதனையே மூடிய தொட்டியில் காற்றுப்புகாமல் ஊறவைத்தால், நுண்ணுயிர்கள் மெத்தேன் வளியைப் பிரித்துத் தரும்; எஞ்சிய கூழ் வயலுக்கு நல்லுரமாகும். நான்கைந்து மாடுள்ள வீட்டில் அடுப்பெரிய இது போதும். புகையால் கண்கலங்கும் பெண்டிர்க்கு இது பேருதவி. ஒரே பொருளில் நெருப்பும் உரமும் பெறும் இதனைவிடச் சிக்கனமான ஊற்று வேறில்லை.

விறகும் வருவாயே, ஆயினும் வளர்வதற்கு மிஞ்சி வெட்டினால் அது முதலாய் மாறும். விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கவெனப் பரப்பப்பட்ட அயல்நாட்டுச் சீமைக்கருவேலம், முகவைக் கண்மாய்களை அடைத்து நிற்பதையும் மறத்தலாகாது. பிற நாட்டு மருந்தை இந்நாட்டு நிலத்தில் ஆராயாது ஊன்றியதன் விளைவு அது.

கடலேற்றமும் இத்தகையதே. பிரெஞ்சு நாட்டு இரான்சு ஆற்று முகத்தில் 1966 முதல் 240 மெகாவாட்டு ஏற்றவற்ற நிலையம் இயங்குகின்றது. அங்கு நீர் ஏறி இறங்கும் உயரம் சராசரி எட்டு மீட்டர். தமிழகக் கரையில் அது ஒரு மீட்டரை ஒட்டியே உள்ளது. ஓரிடத்தில் வென்றது எல்லாவிடத்தும் வெல்லாது. ஊற்றைத் தேர்வது நிலமறிந்து செய்யவேண்டிய செயல்.

ஏரி கற்பித்த பாடம்

வருவாய் ஊற்றுகளுக்கு எதிராக ஒரு தடை சொல்லப்படுகின்றது. அது பொய்யான தடையன்று. காற்று வைகாசி முதல் புரட்டாசி வரையே மிகுதியாக வீசும். வெயில் பகலில் மட்டுமே காயும். விளக்கேற்றும் மாலையில் வெயில் இல்லை. மார்கழியில் கோடைக்காற்று இல்லை. 2012-இல் தமிழகச் சிற்றூர்கள் பல மணி நேர மின்வெட்டில் தவித்த போதே, கொண்டுசெல்லும் மின்தடங்கள் போதாமையால் காற்றாலை மின்விசை ஏற்கப்படாமல் நின்ற நாள்களும் இருந்தன. விளைந்த நெல்லுக்குக் களஞ்சியமும் வண்டியும் இல்லாத கதை அது.

எனினும், ஆண்டில் சில திங்களே வருவதை ஆண்டு முழுமைக்கும் பயன்படுத்தும் கலை தமிழர்க்குப் புதிதா? மழையும் அங்ஙனம் வருவதுதானே! அதற்காகவே ஏரி வெட்டினர், மதகு வைத்தனர், ஒன்றின் மிகைநீர் அடுத்ததற்குப் பாயத் தொடரமைத்தனர். தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. மழை நாள்தோறும் பெய்யாது. ஆகவே உழவு ஆகாது என்று அம்முன்னோர் சோர்ந்திருந்தால் சோறு ஏது?

காற்றுக்கும் கதிருக்கும் வேண்டுவது ஏரியே. ஆனைமலையின் கடம்பாறையில் 1980-களின் இறுதி முதல் அத்தகைய ஏரி ஒன்று உள்ளது. மின்விசை மிகும் வேளையில் கீழ்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, தட்டுப்படும் வேளையில் மீண்டும் வீழ்த்தி 400 மெகாவாட்டு வரை பெறுகின்றனர். நான்கு அலகு செலவிட்டு ஏற்றினால் ஏறத்தாழ மூன்று அலகு திரும்பும். இழப்பு உண்டு, ஆயினும் ஏரி நீரிலும் ஒரு பகுதி ஆவியாகின்றது. அதற்காக ஏரியைத் தூர்ப்பார் உண்டோ? மலைத் தேக்கங்கள், மின்கல அடுக்குகள், பகலிலேயே நீரிறைக்கும் உழவர் பொறிகள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் தடையின் பெரும்பகுதி நீங்கும்.

நான்காவதும் ஒன்று உண்டு. அது சிக்கனம். பழைய 60 வாட்டு இழை விளக்கின் ஒளியை இன்று 9 வாட்டு விளக்கு தருகின்றது. மிஞ்சிய 51 வாட்டுக்குச் சுரங்கம் வேண்டா, அணை வேண்டா, புகைபோக்கி வேண்டா.

முடிவாக

அவையோரே! சொல்லைத் திருத்துவது வெறும் இலக்கண வேலை அன்று. நிலக்கரியை மரபென்று கற்ற மாணவன், அது தீர்வதை இயல்பென்று ஏற்றுக்கொள்கின்றான். காற்றையும் கதிரையும் அயலவர் கண்டுதந்த புதுமையென்று ஒதுக்குகின்றான். 'தீரும் ஆற்றல்', 'தீரா ஆற்றல்' எனக் கற்பிக்கப்படுவானாயின், அவனே வினவுவான்: தீரும் பொருளை எத்தனை நாள் நம்புவது? தீரா வருவாயைத் தேக்க ஏரி எங்கே?

அவ்வினா பள்ளியில் எழவேண்டும், ஊர் மன்றத்தில் எழவேண்டும், சட்டமன்றத்தில் எழவேண்டும். முதல் ஒருநாளில் இல்லாமற் போவதில்லை. ஆகவே தேறும் காலம் இன்னும் உண்டு. அக்காலத்துக்குள், எஞ்சிய முதலைக்கொண்டு வருவாய்க்கு வழிசெய்பவன் அறிவுடைய உழவன். விதைநெல்லையும் குத்தித் தின்றபின் வானத்தைப் பார்ப்பவனுக்கு மழை பெய்தும் பயனில்லை.